பாட்டன் பிறந்த ஊர்

தமிழாசிரியர்களும் தமிழ் மாணவர்களும் படிக்கப் போகும் ஒரு கட்டுரைத் தொகுப்பில் காற்பந்துக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. சிலப்பதிகாரத்தைப் பற்றி எழுதலாம், குறளைப் பற்றி எழுதலாம், திரு.வி.க.வின் உரைநடையைப் பற்றி எழுதலாம். பந்து உதைப்பவனைப் பற்றி எழுதுவதற்குத்தான் நாளிதழின் கடைசிப் பக்கம் இருக்கிறதே என்பர். அவர்களுக்கு நான் கூறும் விடை சுருக்கமானது. 2025ஆம் ஆண்டில் இந்நாட்டில் காற்பந்தை முன்னிட்டு எழுந்த வழக்கு பந்தைப் பற்றியதே அன்று. அது பிறப்புப் பத்திரத்தைப் பற்றியது. பிறப்புப் பத்திரம் என்னும் அந்தத் தாளோடு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனைப் போல் ஆண்டுதோறும் மல்லுக்கட்டுபவன் வேறெவனும் இல்லை. ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. கேட்க உங்களுக்கும் கடமை உண்டு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 10ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் மலேசியா வியட்நாமை 4-0 என்ற கணக்கில் வென்றது. 2014க்குப் பின் வியட்நாமை நாம் வென்றதில்லை. அன்றிரவு நாடே கொண்டாடியது. முதல் கோலை அடித்தவர் ஜோவோ ஃபிகெய்ரெடோ. பிரேசில் நாட்டவர், துருக்கியில் காசியான்தெப் அணிக்கும் இஸ்தான்புல் பஷாக்ஷெஹிர் அணிக்கும் ஆடிவிட்டு ஜொகூர் அணிக்கு வந்த தாக்குதல் ஆட்டக்காரர். இரண்டாம் கோலை அடித்தவர் ரொட்ரிகோ ஹொல்காடோ. அவர் அர்ஜென்டினா நாட்டவர். கொலம்பியாவில் அமெரிக்கா டி காலி அணியின் ஆட்டக்காரர். இவ்விருவரும் இன்னும் ஐவரும் மலேசியர் ஆனது அந்த ஆட்டத்துக்குச் சற்று முன்னர்த்தான்.

உலகக் காற்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி தெளிவானது. ஒருவன் ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால் குடியுரிமை மட்டும் போதாது. அவன் அங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது அவன் தாயோ தந்தையோ, பாட்டனோ பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும்; அதுவுமில்லையேல் அவன் அங்கே ஐந்தாண்டுக் காலம் வாழ்ந்திருக்க வேண்டும். ஏழு பேருக்கும் பாட்டன் பாட்டி வழி காட்டப்பட்டது. ஃபிகெய்ரெடோவின் பாட்டியார் ஜொகூரில் பிறந்தவராம். ஹொல்காடோவின் பாட்டனாரோ நம் பினாங்கில், இந்த ஜார்ஜ்டவுனில் பிறந்தவராம்!

மூன்றரை மாதம் கழித்து, செப்டம்பர் 26ஆம் நாள், ஃபிஃபா தன் தீர்ப்பை அறிவித்தது. தாள்கள் திருத்தப்பட்டவை என்றது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு மூன்றரை லட்சம் சுவிஸ் பிராங்க் தண்டம்; ஏழு ஆட்டக்காரருக்கும் ஆளுக்கு இரண்டாயிரம் பிராங்க் தண்டமும் பன்னிரண்டு மாதத் தடையும். அக்டோபரில் வெளியிட்ட விரிவான காரணங்களில், அந்தந்த நாட்டுப் பதிவேடுகளிலிருந்து மூலப் பத்திரங்களை எடுத்து வைத்தது. ஹொல்காடோவின் பாட்டனார் பிறந்தது புவெனஸ் ஐரிசில். ஃபிகெய்ரெடோவின் பாட்டியார் பிறந்தது பிரேசிலில். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. வழக்கு சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயிற்று.

செய்தி இவ்வளவே. இதைக் குறித்து நம்மவரிடையே எழுந்த இருவகைப் பேச்சோடுதான் எனக்கு வழக்கு.

ஒரு சாரார் அந்த ஆட்டக்காரரை ஏசினர். பிழைக்க வழியில்லாமல் நாடு நாடாய் அலையும் கூலிப்படை என்றனர். எங்கிருந்தோ வந்தவனுக்கு நம் சட்டையா என்றனர். ஆசிரியர் அறைகளிலேயே இப்பேச்சு நடந்தது. இதைச் சொல்ல நமக்கு எப்படி நாக்கு எழுந்தது என்பதே என் வியப்பு.

பிரேசிலிலிருந்து உலகெங்கும் ஆடப் போகும் இளைஞன் யார்? வீட்டில் உணவுக்குத் தட்டுப்பாடு, காலில் திறமை, வாசலில் ஒரு முகவர். உலகில் மிகுதியான காற்பந்தாட்டக்காரரை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடு அது. அவர்களில் ஒரு சிலர்தாம் மாட்ரிட்டுக்கும் மிலானுக்கும் போகிறார்கள். மற்றோர் துருக்கிக்கும் வளைகுடாவுக்கும் வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் போகிறார்கள். ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டு. கோல் விழுந்தால் மாலை. விழாவிட்டால் விமானச் சீட்டு. ஆளைக் கொண்டுவந்து சேர்த்தவருக்குத் தரகுப் பணம். ஐயா, இது நமக்குத் தெரியாத கதையா? ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிக்கொண்டு நம் முன்னோரைக் கப்பலேற்றிய கங்காணியை நாம் பாடநூலில் கற்பிக்கிறோம். அந்தக் கங்காணி இன்று கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கைப்பேசியில் பேசுகிறார், வேறுபாடு அவ்வளவே. சம்பளத்தில் வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பால் மரம் வெட்டியவனுக்கு யாரும் மாலை போட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அல்பெர்ட்டோ கொன்சால்வெஸ் என்றொருவர். பெட்டோ என்று அழைப்பர். பிரேசிலின் பெலெம் நகரில் 1980இல் பிறந்தவர். இந்தோனேசியாவில் ஜெபாரா அணிக்கு ஆடினார். பாப்புவா மாநிலத்தின் ஜயபுரா அணிக்கு ஆடினார். இடையே நம் பினாங்கு அணிக்கும் ஆடினார். பட்டணத் திடலில் அவர் ஓடியதைக் கண்டவர்கள் இத்தொகுப்பைப் படிப்போரிலும் இருக்கக்கூடும். பத்தாண்டுக் காலம் இந்தோனேசிய மண்ணில் உழைத்த பின், 2018இல், முப்பத்தேழு வயதில், அந்நாட்டின் குடிமகனாகி, அவ்வாண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்நாட்டுச் சட்டையை அணிந்தார். இதில் எவருக்கேனும் மறுப்பு உண்டா? எனக்கில்லை. நம் நாட்டிலும் கில்யேர்மே டி பவுலா என்னும் பிரேசில்காரர் கோலாலம்பூர் அணிக்கு ஆட வந்து, ஆண்டுக்கணக்கில் இங்கே தங்கி, 2021இல் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டு ஜூனில் வியட்நாமுக்கு எதிராக நாம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த ஒரே கோல், அவர் தண்ட உதையில் அடித்தது. வயது முதிர்ந்தவரை எதற்கு எடுத்தீர்கள் என்று இரசிகர்கள் குறை கூறினர். அது ஆட்டத்தைப் பற்றிய குறை. அவர் வந்த வழியில் குறையில்லை. வந்தார், வாழ்ந்தார், உழைத்தார், உரிமை பெற்றார். கணியன் பூங்குன்றனாரின் பெயரைச் சொல்லாமல் நம் மேடைகள் முடிவதில்லை. அப்படிப்பட்ட நாம், வந்தவன் ஊரான் ஆவதை வெறுக்கலாகாது.

எனவே ஃபிகெய்ரெடோவை நான் ஏசப் போவதில்லை. தடையும் தண்டமும் அவருக்கு விதிக்கப்பட்டாயிற்று. அதைக் காட்டிலும் அவரை நோகச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

மற்றொரு சாரார் உள்ளனர். இவர்களே எனக்கு உண்மையான எதிர்வழக்காடுநர். காற்பந்துச் சங்கத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே நடக்கும் சண்டை அது; தமிழனுக்கு இதில் என்ன என்பது இவர்கள் பேச்சு. அமைதியாக, பொறுப்போடு, மூத்தோர் தோரணையில் இதைச் சொல்வார்கள். இவர்களை நோக்கியே மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஃபிஃபாவின் தீர்ப்பில் ஒரு பகுதி உண்டு. அந்தப் பாட்டன் பாட்டிமாரின் மூலப் பிறப்புப் பத்திரங்கள் தேசியப் பதிவுத் துறையின் கையில் வந்து சேரவேயில்லை. மூலமல்லாத தாள்களையும் இரண்டாந்தரத் தகவல்களையும் அடிப்படையாகக் கொண்டே அத்துறை நகல் வழங்கியிருக்கிறது என்பது அதன் சாரம். மூலம் இல்லை; ஆயினும் நகல் பிறந்தது. காற்பந்துச் சங்கம் தன் பங்குக்கு, நேர்ந்தது தொழில்நுட்பத் தவறு என்றது. உள்துறை அமைச்சரோ 2025 அக்டோபரில் நாடாளுமன்றத்தில், அரசமைப்புத் தமக்கு அளித்துள்ள விருப்புரிமையைக் கையாண்டே குடியுரிமை வழங்கியதாக விளக்கினார். ஏனெனில் அரசமைப்பின் 19ஆம் பிரிவின்படி அயல்நாட்டார் ஒருவர் குடிமகனாக வேண்டுமானால் பன்னிரண்டு ஆண்டில் பத்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் மொழியில் போதிய அறிவு பெற்றிருக்க வேண்டும். அந்த எழுவர் பத்தாண்டு இங்கே இருந்தவர் அல்லர் என்பது ஊரறிந்தது.

இனி, மூலம் இல்லாமல் நகல் கேட்டு நம்மவர் போனால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

என் பள்ளியில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். ஊரும் சொல்ல மாட்டேன். பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறாம் ஆண்டில் படிக்கையில், இரண்டு ஆண்டு பெரிய பையன்களையும் வளைத்து வளைத்து ஏமாற்றி ஓடுவான். மாவட்ட அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில், திடலோர மேசையில் உட்கார்ந்திருந்தவர் அவன் பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். குடியுரிமை நிலை என்ற இடத்தில் குடிமகன் அல்லன் என்று அச்சிட்டிருந்தது. அத்தோடு முடிந்தது. பையன் காலணியைக் கழற்றவில்லை. மாலை வரை திடலோரத்தில் அப்படியே நின்று மற்றவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறந்தது இந்நாட்டு அரசு மருத்துவமனையில். தந்தை நீல அட்டை வைத்திருக்கும் குடிமகன். தந்தையின் பாட்டனார் செபராங் பிறைத் தோட்டமொன்றில் செக்ரோலில் பெயர் பதிந்து வேலை செய்தவர். பிறகு என்ன குறை? தாய் அயல்நாட்டவர்; திருமணம் கோவிலில் தாலி கட்டி நடந்தது; பதிவாளர் முன் பதியப்படவில்லை.

இதன் சட்டப் பொருளை நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் அறிவர்? முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தை ஒழுங்குபடுத்தும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன்பின் பதியாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே அன்று. அரசமைப்பின் இரண்டாம் அட்டவணையோ, திருமணத்துக்குப் புறம்பே பிறந்த குழந்தைக்குத் தந்தை என்ற சொல்லைத் தாய் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே தந்தை குடிமகனாக இருந்தும் பயனில்லை. பிள்ளை தாயின் நிலையைப் பெறுகிறான். தாய்க்கு இந்நாட்டுக் குடியுரிமை இல்லையெனில் பிள்ளைக்கும் இல்லை. நாதசுரம் ஊதி, ஆயிரம் பேருக்குச் சோறிட்டு, அருந்ததி காட்டி நடந்த திருமணத்தின் பிள்ளை, ஒரு கையெழுத்து இல்லாத குற்றத்தால் நாடற்றவன் ஆகிறான்.

அவனுக்கு வழியே இல்லையா? உண்டு. அரசமைப்பின் 15அ பிரிவு, தனிப்பட்ட சூழ்நிலைகளில் இளவயதினர் எவரையும் குடிமகனாகப் பதிவு செய்யும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளிக்கிறது. இதுவும் விருப்புரிமைதான். அந்த எழுவருக்குக் கையாளப்பட்ட அதே வகையான விருப்புரிமை. ஆனால் இங்கே விண்ணப்பம் போட்ட தந்தையர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். காத்திருந்தபின் சிலருக்கு வருவது, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்னும் ஒருவரி மடல். காரணம் எழுதப்படுவதில்லை. மறுபடியும் முதல் படிவத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிடுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரே அரசமைப்பு; ஒரே அமைச்சகம்; ஒரே பதிவுத் துறை. ஒருவனுக்குப் பாட்டன் பிறந்த ஊரைப் பற்றி இரண்டாந்தரத் தகவல் போதுமானதாயிற்று. மற்றொருவனுக்குத் தானே பிறந்த மருத்துவமனையின் சான்று போதாதாயிற்று. காற்பந்துச் சங்கத்தின் தவறு தொழில்நுட்பத் தவறு. தோட்டத் தொழிலாளியின் தவறு தலைமுறைத் தவறு. முன்னதற்குப் பணத்தால் தீர்வு உண்டு. பின்னதைப் பிள்ளை சுமக்கிறது. இதைக் கண்டபின்னும் தமிழனுக்கு இதில் என்ன என்று கேட்பீர்களா?

பினாங்குக்காரன் என்ற முறையில் எனக்குத் தனியான மனக்குறையும் உண்டு. இத்தீவில் 1786இல் கொடி ஏற்றிய நாள்தொட்டுத் தமிழர் இங்குண்டு. சூலியா தெரு என்ற பெயரே சாட்சி. குயீன் தெரு மகா மாரியம்மன் கோவில் 1833இல் எழுந்தது. கடலுக்கு அப்பால் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் கொண்டுவரப்பட்டனர். ரப்பர் வருமுன்பே வந்தவர்கள் அவர்கள். கப்பலில் வந்தவர்களை ஜெரெஜாக் தீவில் இறக்கி நோய்க்காப்பில் வைத்து, பிறகே கரையேற்றினர். இத்தனைக்கும் பதிவேடு உண்டு. தலை எண்ணி, பெயர் எழுதி, கடன் எழுதிக் கொண்டுவந்தவர்கள் வெள்ளையர். கணக்கில் பிழைவிடும் வழக்கம் அவர்களுக்கில்லை. அந்த மக்களின் பேரனுக்குப் பாட்டன் பிறந்த ஊர் கிடைக்கவில்லை. புவெனஸ் ஐரிசில் பிறந்த ஒருவருக்கு ஜார்ஜ்டவுன் கிடைத்தது! நான் அந்தப் பெரியவரைக் குறை சொல்லவில்லை. தம் பெயரால் இங்கே இப்படியொரு பிறப்பு நிகழ்ந்தது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

இது நேற்றுத் தொடங்கிய கணக்கும் அன்று. 1957 ஆகஸ்டு 31 முதல் இம்மண்ணில் பிறந்தவரெல்லாம் குடிமக்கள் என்று அரசமைப்பு முதலில் கூறியது. 1962இல் அது திருத்தப்பட்டு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. விடுதலைக்கு முன் பிறந்து, தோட்டத்து மருத்துவச்சியின் கையில் பிறந்ததால் பத்திரமில்லாமல் போனவர்கள் சிவப்பு அட்டையோடு நின்றனர். 1969க்குப் பின் வேலை அனுமதி இல்லையென்று பல்லாயிரவர் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. அவர்களுள் இங்கேயே பிறந்து இந்தியாவைக் கண்ணால் காணாதவரும் இருந்தனர். பினாங்குத் துறைமுகத்தில் இராஜுலா கப்பலடியில் நடந்த அழுகையை என் தந்தை வழியாகக் கேட்டிருக்கிறேன். அறுபது வயது கடந்த இந்தியச் சிவப்பு அட்டைக்காரர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018இல் அரசாங்கம் அறிவித்தது. நல்லது, நன்றி. ஆனால் எண்ணிப் பாருங்கள். விடுதலைக்கு முன் இம்மண்ணில் பிறந்தவருக்கு, விடுதலை பெற்று அறுபத்தோராம் ஆண்டில் அறிவிப்பு!

2024 அக்டோபரில் நாடாளுமன்றம் குடியுரிமைப் பிரிவுகளைத் திருத்தியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார் தந்தையரைப் போலவே தம் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தரலாம் என்ற நீதி அதில் கிடைத்தது, மனமார வரவேற்கிறேன். அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் குழந்தைகள் தாமாகக் குடிமக்களாகும் வழி நீக்கப்பட்டது. சிவப்பு அட்டை வைத்திருப்போர் வீடுகளில் அது எத்தகைய அச்சத்தை விளைத்திருக்கும் என்பதைப் பற்றி நம் சங்கங்களில் எத்தனை கூட்டம் நடந்தது? வியட்நாமை வென்ற இரவில் சங்கக் கட்டடங்களில் திரை கட்டி ஆட்டம் காட்டினோமே, அதில் ஒரு பங்கு ஊக்கம் இதற்கு இருந்ததா?

எதிர்வழக்காடும் நண்பர்கள் இவ்விடத்தில் ஒன்று சொல்வார்கள். நம் பெற்றோரின் கவனக்குறைவுதான் முதல் காரணம். பதிவு செய்யாமல் இருந்துவிட்டு அரசாங்கத்தைக் குறை கூறலாமா என்பார்கள். பாதி உண்மை. கோவிலில் முன்பணம் கட்டி நாள் குறிக்கத் தெரிந்தவருக்குப் பதிவு அலுவலகத்துக்குப் போகத் தெரியவில்லை. ஆனால் மறுபாதியையும் சொல்லுங்கள். விடியற்காலை பெரட்டில் நின்று, ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி இழந்தவன், இருபது கல் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு மூன்று முறை அலைய முடியாது. தோட்டம் துண்டாடப்பட்டு, வீடு இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக்கு விரட்டப்பட்டபோது தகரப்பெட்டியோடு தாள்களும் தொலைந்தன. இவையெல்லாம் சேர்ந்ததே அந்தக் கவனக்குறைவு. பெரிய அலுவலகங்கள் உள்ள, வழக்கறிஞர்கள் உள்ள, கணினிகள் உள்ள ஒரு சங்கத்துக்கே தாளில் தவறு நேரலாம் என்றால், கைநாட்டு வைத்தவனுக்கு நேரக்கூடாதா?

இன்னொரு பேச்சும் உண்டு. வெற்றி வேண்டுமானால் வெளியிலிருந்து ஆள் எடுத்தே தீர வேண்டும். இங்கே ஆளில்லை என்பது. இதை மட்டும் நான் பொறுக்க மாட்டேன். 1980இல் தென்கொரியாவை வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர் ஆறுமுகம். கை நீண்டால் வலைக்கு வேலி. அந்த அணி எங்கிருந்தும் வாங்கப்பட்டதன்று. புறக்கணிப்பின் காரணமாக மாஸ்கோ போகாமல் நின்றது வேறு கதை. 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை, இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவை இரு ஆட்டக் கணக்கில் 4-2 என வென்று, முதன்முறையாகக் கொண்டுவந்தவர் பயிற்றுநர் கே. இராஜகோபால். அந்த அணியில் கடல்கடந்து வாங்கிய கால் ஒன்றும் இல்லை, குணாளன் இருந்தார். இவற்றையெல்லாம் விடுங்கள். 2016 பிப்ரவரியில் நம் பட்டணத் திடலில், பகாங் அணிக்கு எதிராக, பினாங்கு அணியின் ஃபைஸ் சுப்ரி உதைத்த பந்து காற்றில் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வலைக்குள் நுழைந்தது. அவ்வாண்டின் உலகிலேயே சிறந்த கோல் என்று ஃபிஃபாவே 2017 ஜனவரியில் புஷ்காஷ் விருதளித்தது. இறுதிச் சுற்றில் அவருக்குப் பின்னே நின்றவர்களுள் ஒருவர் மார்லோன், பிரேசில் நாட்டவர்! பக்கத்துக் கெடாவிலிருந்து வந்த பையன் அவன். ஆளில்லையாம்.

ஆள் இருக்கிறான். திடல் இல்லை. பினாங்கு மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் 28. அவற்றுள் முழு அளவான திடல் உள்ளவற்றை எண்ணக் கைவிரல் போதும். இருக்கும் திடலையும் சில பள்ளிகளில் கார் நிறுத்தவும் கூடாரம் கட்டவும் விட்டிருக்கிறோம். திடல் உள்ள பள்ளியில் நேரம் இல்லை; மாலை வகுப்பு. தேர்வு முறை மாறியும் மாலை வகுப்பு மாறவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். அந்தத் தேர்வின் ஆவியை இன்னும் நம் பள்ளிகளில் குடிவைத்திருக்கிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கணினிக்குப் பணம் கேட்டால் கைகள் எழுகின்றன. பந்துக்குப் பணம் கேட்டால் சிரிப்பு எழுகிறது. நம் பிள்ளைகளுள் ஆடத் தெரிந்தவனை நாமே உட்கார்த்தி வைத்துவிட்டு, அயலான் வந்து ஆடுகிறானே என்று புலம்புவது முறையன்று.

செய்யக்கூடியது என்ன? பெரிய தீர்மானங்கள் வேண்டா. சங்கம் தீர்மானம் நிறைவேற்றுவதில் வல்லது. அவை கோப்பிலே நலமாக வாழ்கின்றன. நான் சொல்வது பள்ளி அலுவலகத்தில் நடக்க வேண்டிய வேலை. முதலாம் ஆண்டுப் பதிவுக்குப் பிள்ளையை அழைத்து வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் பிறப்புப் பத்திரத்தில் உள்ள குடியுரிமை நிலையைப் பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்து நகலை இணைத்துவிடாதீர்கள். குடிமகன் அல்லன் என்றிருந்தால், பெற்றோரின் திருமணப் பதிவுத் தாள் உண்டா என்று கேளுங்கள். கேட்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். அந்தத் தாயின் முகத்தை மற்றவர் பார்க்கலாகாது. குடியுரிமை இல்லாத பிள்ளையையும் சில தாள்களின் பேரில் பள்ளியில் சேர்க்கலாம் என்ற வழி 2019 முதல் உண்டு. அதைச் சொல்லாமல் திருப்பி அனுப்பும் எழுத்தரைத் திருத்துங்கள். 15அ பிரிவின் கீழ் விண்ணப்பத்தை முதலாம் ஆண்டிலேயே போடச் செய்யுங்கள். ஆறாம் ஆண்டில் போட்டால், அந்தப் பிள்ளை இடைநிலைப் பள்ளியின் பாதியில்தான் விடையைக் காண்பான். மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் அக்காவோ அண்ணனோ திருமணம் செய்யும்போது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் பதிவாளரிடம் நாள் வாங்கினார்களா என்று கேளுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எழுத்தாளர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நாம் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பால்மரம் உண்டு, கங்காணி உண்டு, கள்ளுக்கடை உண்டு, கண்ணீர் மிகுதியாக உண்டு. பதிவு அலுவலகத்தின் வரிசையில் எண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காலை எட்டு மணி முதல் உட்கார்ந்திருக்கும் தந்தை நம் கதைகளில் அரிதாகவே வருகிறான். அவன் இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். தந்தையின் அட்டை, தாயின் கடவுச்சீட்டு, பிள்ளையின் பத்திரம், மருத்துவமனைச் சான்று, பாட்டனின் பழைய செக்ரோல் நகல் ஆகியவை அவன் மடியிலுள்ள பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. முகப்பில் இருப்பவர் கேட்பது ஆறாவதாக ஒரு தாள்.